நெய்தவரும் நெய்யவைத்தவரும்

மூனிக்கிலிருந்து அவுக்ஸ்பர்க் போக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நகரமன்றத்தின் பொன் மண்டபத்தைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். ஆரணியில் தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு வேறு காரணம் இருந்தது. அது நெசவாளர் ஊர்.

1367இல் ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். லினன் பாவில் பருத்தி ஊடை போட்டு நெய்த துணிதான் அன்று ஊரின் சரக்கு. ஃபுக்கர் குடும்பம் தறியோடு நிற்கவில்லை. துணி வியாபாரம், பிறகு வட்டி, பிறகு வெள்ளி, செம்புச் சுரங்கம். பேரன் யாகோப் பேரரசருக்கே கடன் கொடுத்தார். அவர் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்புதான் ஃபுக்கரை. 500 வருடம் தாண்டியும் ஆண்டு வாடகை 88 செண்ட்தான். கூடவே தினம் மூன்று ஜெபம். சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் டிக்கெட் அதைவிடப் பல மடங்கு! வாசல்மணியின் இழுப்புக் கைப்பிடி வீட்டுக்கு வீடு வேறு வடிவம். விளக்கில்லாத காலத்தில் இருட்டில் தடவியே தன் வீட்டைக் கண்டுபிடிப்பார்களாம்.

ராத்திரி போனில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலாளி தரும் பாவையும் பட்டையும் வாங்கிவந்து, சேலையாக நெய்து கொடுத்து, கூலி வாங்கியே 40 வருஷத்தை ஓட்டியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அத்த கட்டனவரு நெஞ்சவரா, நெய்யவச்சவரா?"

மறுநாள் முழுக்க அந்தக் கேள்விதான் என்னோடு நடந்தது. நெய்தவர்களின் சுவடு அரண்மனைகளில் இல்லை, கலகத்தில் இருந்தது. 1794இல் இவ்வூர் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வெளியிலிருந்து வந்து இறங்கிய மலிவுத் துணிதான் காரணம். அதில் இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "அப்ப அவங்களுக்கு நாமதான் பவர்லூமா!"

பழைய நூற்பாலை ஒன்று இப்போது ஜவுளி அருங்காட்சியகம். 2010இல் திறந்தது. பார்வையாளர்களுக்காக அங்கே தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். வீடியோ எடுத்து அனுப்பினேன். அப்பா இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"பாவு நல்லா விறைப்பா கீது. ஓட்டறவருக்குக் கூலி எப்படி?"

"கூலி இல்லப்பா. மாசச் சம்பளம்."

"நெய்யறதுக்கா?"

"நெய்யறத காட்டறதுக்கு."

கொஞ்ச நேரம் அப்பா பேசவில்லை. போனில் பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.