எமது அளவுக்கு எமது உடை

பெண்கள் எதை உடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எப்போதும் வேறு யாரோதான் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையைப் பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு அதற்கு இணங்கியது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை போடக் கூடாது, குறுக்குக்கட்டுடனேயே திரிய வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அவையெல்லாம் பழங்கதை என்று நாம் ஆறுதலடைய முடியாது. 2022 நவம்பரில் எமது நாட்டின் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக வசதியான வேறு உடைகளில் பாடசாலைக்குச் சென்றபோது எழுந்த வாதப் பிரதிவாதங்களை நாம் அறிவோம்.

இந்தக் கேள்விக்குப் பெண்களே பதில் சொல்லும் ஓர் இடத்தை நான் கண்டேன். அது மட்டக்களப்பின் ஒரு கிராமத்தில், பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த தையல் வகுப்பு. வருகைப் பதிவைப் பார்ப்பதற்காக அங்கு சென்று வந்த நான், சில வாரங்களில் நானும் ஒரு மெசினுக்கு முன்னால் அமர்ந்து பழகத் தொடங்கினேன்.

எமது வேலைத் திட்டங்களில் பெண்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது தையல் மெசின்தான். எத்தனை மெசின் கொடுத்தோம், எத்தனை பேர் பாடசாலைச் சீருடை தைத்து உழைக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். உழைப்பு அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தனக்கென்று என்ன தைத்தாள் என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் ஓர் இடம் இல்லை.

வகுப்பில் ஒரு சகோதரி இருந்தார். கட்டுநாயக்கவில் ஏழு வருடங்கள் காமென்ற்றில் வேலை செய்து திரும்பியவர். அவருடைய மெசின் ஓடும் வேகத்தைப் பார்த்து நாங்கள் வியந்து நின்றோம். ஆனால் துணியை வெட்டச் சொன்னால் தயங்குவார். "மிஸ், நான் ஏழு வருசமும் சேட்டுக்கு இடது கை மட்டும்தான் பூட்டினேன். ஒரு முழுச் சட்டை எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு எனக்குத் தெரியாது" என்றார். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல் எத்தனையோ ஆயிரம் பெண்கள் இப்படித்தான் தைத்திருக்கிறார்கள். ஒருத்தி கொலர், ஒருத்தி கை, ஒருத்தி பொத்தான். உழைப்பவருக்கும் அவர் செய்யும் பொருளுக்கும் இடையிலான அந்நியமாதல் பற்றிச் சமூகவியல் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தச் சகோதரி அதை இரண்டு வசனங்களில் சொல்லிவிட்டார்.

அவர் தனக்காக வெட்டித் தைத்த முதல் சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இரு பக்கமும் ஆழமான பொக்கற். வீட்டோடு சிறு கடை நடத்துபவர் என்பதால் காசும் கைத்தொலைபேசியும் கையோடு இருக்க வேண்டும். "நீ என்ன ஆம்பிளையா, பொக்கற் வைச்சுச் சட்டை போட?" என்று மாமியார் கேட்டாராம். "ஏன் மாமி, காசு வைக்கிறதுக்கு ஆம்பிளையாத்தான் இருக்கணுமா?" என்று இவர் கேட்டாராம். இப்போது மாமியாரின் சோட்டியிலும் ஒரு பொக்கற் இருக்கிறது.

இந்தச் சண்டை எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1851இல் அமெரிக்காவில் அமேலியா புளூமர் என்ற பெண், நிலத்தைக் கூட்டும் பாவாடையைக் குட்டையாக்கி, அதன் கீழே தொளதொளப்பான காற்சட்டை அணிந்தார். தான் நடத்திய 'த லில்லி' என்ற பெண்கள் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். எப்படித் தைப்பது என்று கேட்டுப் பெண்கள் கடிதம் எழுதினார்கள். ஆண்கள் கேலிச்சித்திரம் வரைந்தார்கள். 1881இல் லண்டனில் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம், பெண்களின் உள்ளாடைகளின் மொத்த நிறை 7 இறாத்தலைத் தாண்டக் கூடாது என்று கேட்டது. அதற்கு முன்னர் அவர்கள் எவ்வளவு பாரம் சுமந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பில் மற்றொரு தங்கைக்கு முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால். கடையில் வாங்கும் காற்சட்டையை அணிந்தால் காலைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் முழுவதையும் கழற்ற வேண்டும். அவள் வெளிப்பக்கத் தையலைப் பிரித்து, முழங்காலுக்கு மேல்வரை அழுத்துப் பொத்தான்கள் வரிசையாக வைத்தாள். தெரியாமல் வைக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். அவள் மஞ்சள் நிறப் பொத்தான்களைத் தெரிவு செய்தாள். "எல்லாரும் பாக்கத்தானே போறாங்க, வடிவானதையே பாக்கட்டும்" என்றாள்.

கணவனை இழந்த ஒரு அக்கா, அவருடைய சேட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பல வருடங்களாக வெளிறிய சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்ததில்லை. ஒருநாள் நீலக் கட்டம் போட்ட சேட்டொன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தார். கொலரை அப்படியே விட்டு, தோளைச் சுருக்கி, பக்கங்களைப் பிரித்து இரண்டு துண்டு சேர்த்து, கை ஓரத்தில் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போட்டார். அந்த மேற்சட்டையுடன் பிரதேச செயலகத்துக்குப் போய் வந்தார். அயலவர்கள் பேசாமல் இருக்கவில்லை. "பெட்டிக்குள்ள கிடந்தா பூச்சிதானே தின்னும். அவர் என்னோட வாறார் எண்டு நினைச்சுப் போட்டேன்" என்பதே அவர் சொன்ன விளக்கம்.

இப்படித் தைப்பதற்குப் பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய சட்டையை எடுத்து, நெடுக்காக இரண்டாக மடித்து, பழைய பத்திரிகைத் தாளின் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். கைக்குழியையும் கழுத்தையும் கவனமாக வரையுங்கள். மடித்த பக்கம் தவிர்ந்த ஏனைய பக்கங்களில் தையலுக்காக அரை அங்குலமும், கீழ் ஓரத்தில் மடிப்புக்காக இரண்டு அங்குலமும் கூட்டி வெட்டினால் உங்கள் அளவு கையில் இருக்கிறது. பருத்தித் துணியையும் கைத்தறித் துணியையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள், அவை சுருங்கும். பொக்கற் வைக்க, இடுப்புக்குக் கீழே பக்கத் தையலை ஆறு அங்குலம் பிரியுங்கள். உங்கள் கையைத் துணியில் வைத்து, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு இரண்டு துண்டு வெட்டிப் பை போலத் தைத்து, அந்த வாயில் பொருத்துங்கள். மெசின் இல்லாவிட்டால் கையால் தொடர்தையல் போட்டாலும் உறுதியாக நிற்கும்.

புதுத் துணிதான் வேண்டும் என்றில்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாதாரண நூலோட்டத் தையலால் பூவும் பறவையும் மீனும் வரைந்து 'காந்தா' என்ற போர்வையைச் செய்கிறார்கள். கிழிந்த இடத்தை மறைக்கப் போட்ட தையல்தான் பின்னர் உலகம் மெச்சும் கலையாக வளர்ந்தது. எமது வீட்டுப் பெட்டிகளிலும் அம்மாவின் சேலை, மருதமுனைக் கைத்தறிச் சாரம், பிள்ளைக்குக் குட்டையாகிப்போன சட்டை என்று எவ்வளவோ கிடக்கின்றன.

நான் தைத்தது மருதமுனைத் துணியில் ஒரு நீண்ட மேற்சட்டை. குறிப்புப் புத்தகமும் பேனையும் குடைக்காசும் வைக்கும் அளவுக்குப் பெரிய பொக்கற். வீடுவீடாகப் போகும் என் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான உடையை எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு விதி இருக்கிறது. பயிலுநர் தைக்கும் முதல் முழு உடை விற்பனைக்கல்ல, அது அவருக்கே உரியது. நிறமும் நீளமும் கழுத்தும் அவருடைய விருப்பம். சீருடையும் பிளவுசும் அதற்குப் பிறகுதான். இந்த விதியை ஏனைய தையல் நிலையங்களும் ஏற்றுக்கொள்ளுமானால் நன்று. தன் அளவைத் தானே எடுத்து, தன் துணியைத் தானே வெட்டத் துணிந்த பெண், 'உனக்கு இதுதான் அளவு' என்று பிறர் நீட்டுவதை இனி இலகுவில் வாங்கி உடுக்கமாட்டாள்.