பொதிப் பாதையில் ஒரு சைக்கிள்

சைக்கிளைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியின் பின்பக்கம் படுக்க வைத்துக் கயிறு போட்டுவிட்டு, நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வத்தலக்குண்டில் சவ்சவ் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மலைக்குத் திரும்புகிறவர் அவர். சித்தரேவு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கேட்டார்: "சைக்கிள் ஓட்டத்தான் வந்தீங்கன்னா அதை ஏண்ணே வண்டியில ஏத்தினீங்க?"

நியாயமான கேள்வி. நான் போக வேண்டிய தாண்டிக்குடி கீழ்ப்பழனி மலையில் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் அத்தனை ஏற்றத்தை மிதிக்க நெஞ்சு ஒத்துழைக்காது என்றேன்.

"இறங்கும்போது மட்டும் ஒத்துழைக்குமா?" என்றார். அதற்கான பதில் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மோட்டார் வண்டி இல்லாத பாதையில் சைக்கிள் மிதிக்கிற இந்தக் கிறுக்கு என்னைப் பிடித்தது பிரான்சில். மகள் லியோனில் வேலை பார்க்கிறாள். போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்கண்டிப் பக்கம் கூட்டிப்போய் வாடகை சைக்கிள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், வழி நெடுக ஒரு மோட்டார் வண்டி கிடையாது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் நின்றுபோனபின் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 1997-ல் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அந்த நாட்டில் இந்த மாதிரிப் பாதைகளுக்கு இதுதான் மூத்தது. 'பசுமை வழி' என்று பெயர் வைத்து 2004-ல் சாலை விதிகளிலேயே தனி வகையாகச் சேர்த்துவிட்டார்கள். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் பாதையும் அநேகமாகச் சமதளம். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், ஒரு பக்கம் வெள்ளை மாடுகள். என் போன்ற ஆளும் இருபது கிலோமீட்டர் போய்விட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்கலாம். க்ளூனியைத் தாண்டி மாக்கோன் போகும் வழியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான பழைய ரயில் சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அதை வௌவால்களுக்காக மூடிவிடுவார்களாம். வௌவாலுக்கு விடுமுறை விடுதி கட்டிக் கொடுக்கிற ஊர் என்று அன்றைக்கு மகளிடம் கேலி பேசினேன்.

ரயில் செத்த தடம் நம்மிடமும் இருக்கிறது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாதையை 1964 புயல் கொண்டுபோனது. இந்த மலைத்தொடருக்கு மேற்கே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிப்போன குட்டி ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது. டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் என்கிற பேர்தான் மிச்சம். தாண்டிக்குடியில் கொண்டுபோகவும் ரயில் இருந்ததில்லை. இங்கே பழைய தடம் என்றால் அது குதிரைத் தடம்தான். அது தெரியாமல்தான் நான் தார்ச்சாலையை நம்பிப் போனேன்.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வாடகை சைக்கிள் ஓட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஓட்டலாம். பக்கத்திலேயே கார், வேன், குதிரைச் சவாரி, பஞ்சுமிட்டாய் எல்லாம் கூட ஓடும். உயர் நீதிமன்றமே தலையிட்டு 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்து, மறு கோடையில் வார நாளில் 4000 வண்டி, சனி ஞாயிறில் 6000 வண்டி என்று வரம்பு கட்ட வேண்டியிருந்த ஊர் அது. ஊத்து பிரிவில் அந்தக் கூட்டத்தை விட்டு விலகினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, தடியன்குடிசை, பெரும்பாறை என்று போகிற கீழ்ப்பழனிச் சாலையில் ஆரவாரம் குறைவு. மெயின் மலைச்சாலையில் மண் சரிந்தால் மட்டும் எல்லா வண்டியும் இந்தப் பக்கம் திரும்பும். மற்றபடி பஸ், ஜீப், காய்கறி வண்டி, தோட்டத்து பைக், அவ்வளவுதான்.

வண்டியே இல்லாத நேரம் வேண்டும் என்று மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குத் தாண்டிக்குடியிலிருந்து கிளம்பினேன். டீக்கடை அம்மா பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். "ஒக்காருங்க. இப்ப ரோட்டுல காட்டுமாடு நிக்கும். கே.சி.பட்டிப் பக்கம் யானை வேற இறங்கியிருக்காம். ஏழரைக்கு மொத பஸ் போகட்டும், அதுக்குப் பின்னாடி போங்க."

மோட்டார் வண்டி இல்லாத சாலையைத் தேடி மூவாயிரம் ரூபாய் செலவழித்து வந்தவனுக்கு, பஸ் போனபிறகு போ என்று அறிவுரை. இரண்டு டீ குடித்துக்கொண்டு யோசித்தேன். வண்டி இல்லாத நேரம் இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. அது காட்டுமாட்டுக்கு என்று பட்டா ஆகிவிட்ட நேரம். பிரான்சில் வௌவாலுக்குக் கதவு சாத்திப் பலகை மாட்டுகிறார்கள். இங்கே அந்த வேலையை டீக்கடை அம்மா பார்க்கிறார்.

பஸ் போனபிறகு கிளம்பினேன். பங்குனி மாசம். பத்து நாள் முன்னால் ஒரு கோடை மழை பெய்திருந்தது. அது விழுந்தால்தான் காப்பிச் செடி பூக்கும், காத்திருந்தாற்போல எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் பூக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்க, அதன் நிழலில் செடிக்குச் செடி கணுக்கணுவாக வெள்ளைப் பூ. காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவர்களுக்கு அது வெறும் வெள்ளை. சைக்கிளில் போனால் வாசனை தனித்தனியாக வரும். ஒரு தோட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் ஈர மண்ணும் சாணியும் மணக்கும், வளைவு திரும்பியதும் மறுபடி மல்லிகை மாதிரி மூக்கில் வந்து நிற்கும். மூன்று நாலு நாளில் பூ வாடிக் கொட்டிவிடும். நான் போனது என் சாமர்த்தியம் இல்லை, மழை பார்த்துக் கொடுத்த தேதி.

ஒரு வளைவில் சாலையை விட்டுக் கீழே இறங்கிய கல்பாவிய ஒற்றையடிப் பாதையைப் பார்த்தேன். பாதை முழுக்க லத்தி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். நூறு அடி போவதற்குள் மணிச் சத்தம். ஐந்து குதிரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பக்கமும் மலைவாழைத் தார் கட்டித் தொங்க, மூச்சு வாங்க ஏறி வந்தன. நான் மரியாதையாகப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்தவர் கத்தினார்: "அண்ணே, அங்கிட்டு நிக்காதீங்க! மேட்டுப் பக்கம் ஏறுங்க. தார் இடிச்சா உருண்டுருவீங்க." சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஒட்டினேன். ஒவ்வொரு குதிரையும் என்னைக் கடக்கும்போது சைக்கிள் மணியை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஜீப் போகாத தோட்டங்களிலிருந்து விளைச்சல் மேலே வருவது இவற்றின் முதுகில்தான். திரும்பும்போது உர மூட்டையும் அரிசியும் இறங்கும்.

இந்தத் தடங்களுக்கு வயது அதிகமாகவே இருக்கலாம். தாண்டிக்குடியைச் சுற்றிப் பெருங்கற்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளும் கல்பதுக்கைகளும் நிறைய. மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருமார் ஆங்லாடும் நியூட்டனும் பழனி மலைகளின் கல்திட்டைகளை ஏறி இறங்கிப் பார்த்து எழுதியதை 1928-ல் தொல்லியல் துறை புத்தகமாகப் போட்டது. பிறகு பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியிலேயே அகழாய்வு செய்தார். ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் இந்த மலையில் விளைவதில்லை. யாரோ கீழேயிருந்து சுமந்து ஏறியிருக்கிறார்கள், அதற்கு ஈடாக மிளகோ ஏலமோ இறங்கியிருக்க வேண்டும். எந்தத் தடத்தில் ஏறினார்கள் என்று காட்ட யாராலும் முடியாது. ஆனாலும் அந்த மேட்டில் நின்றபோது இதுவாகவும் இருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

இப்போது ஒவ்வொரு தடமாக ஜீப் ரோடாகிக்கொண்டு வருகிறது. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிரசவ வலி கண்டவளைத் தொட்டில் கட்டித் தூக்கிப் போகிற ஊருக்கு ரோடுதான் முதலில் வேண்டும். ஆனால் ரோடு வந்தபிறகு பழைய தடத்தை முள் மூடும், பிறகு அது யாராவது ஒருவருடைய வேலிக்குள் போய்விடும். ஜிவ்ரிப் பாதையின் வாயில் நட்டிருப்பது வெறும் கட்டைகள்தான், கார் நுழையாதபடி. பஞ்சாயத்து மனசு வைத்தால் இங்கேயும் ஒரு தடத்தின் வாயில் இரண்டு கல் நட்டு, இது எல்லாருக்கும் பொது என்று எழுதிப் போட முடியும். செலவு இரண்டு கல், ஒரு டப்பா பெயின்ட்.

சாயங்காலம் பெரும்பாறை இறக்கம். பாலமுருகன் பழனிக்குத் தாண்டிய இடம் என்பதால்தான் தாண்டிக்குடிக்கு அந்தப் பேர் என்பார்கள். தாண்டிப் போகிறவனுக்குக் கொண்டை ஊசி வளைவு இல்லை, பிரேக்கும் வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. கிளம்பும் முன் ஒரு கடையில் புதுசாக மாற்றிய பிரேக் கட்டை, ஏழாவது வளைவுக்குள் ரப்பர் கருகும் நாற்றம் கொடுத்தது. நிறுத்தி, புத்தியில்லாமல் ரிம்மைத் தொட்டுப் பார்த்ததில் ஆள்காட்டி விரல் கொப்பளித்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றினேன், இஸ்திரிப் பெட்டியில் எச்சில் பட்ட மாதிரி சுர்ரென்றது. மிச்சத்தை நடந்தே இறங்கினேன். நெஞ்சு ஒத்துழைத்தது, கட்டைதான் ஒத்துழைக்கவில்லை. அந்த டிரைவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும்.

போகிறவர்கள் நல்ல பிரேக் கட்டை போட்டு, உபரியாக ஒரு ஜோடி பையிலும் வைத்துக்கொண்டு போங்கள். ஏழரைக்கு முன்னால் கிளம்பாதீர்கள். குதிரை வந்தால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.