பிரிக்காத கடலைமிட்டாய்

தீபாவளிக்கு ஊருக்கு வந்த மகனின் பையைத் துவைப்பதற்காகக் கவிழ்த்தேன். அழுக்குத் துணிகளுக்கு அடியில் ஆறு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகளும் அப்படியே கிடந்தன. நெல்லை எக்ஸ்பிரஸில் அவனைச் சென்னைக்கு ஏற்றிவிட்ட அன்று, "ரூம்ல பிள்ளைகளுக்குக் குடுய்யா, கோவில்பட்டின்னா இதத்தான் கேப்பாங்க" என்று நான் வைத்துவிட்டவை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். "சாப்டியாய்யா?" "ம்." "நல்லா படிக்கியா?" "ம்." போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஒரு மிட்டாயை நீட்டக்கூட அவனுக்கு அங்கே ஆள் இல்லை என்பதை அந்தப் பாக்கெட்டுகள்தான் சொல்லின.

தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் என்ஜினியரிங் இடம் கிடைத்தது. படிப்புச் செலவு, விடுதிச் செலவு இரண்டையும் அரசே ஏற்றுக்கொண்டது. எல்லாக் கவலையும் தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம்.

அந்தத் தீபாவளி லீவு நாட்களில் கவனித்துப் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் நடமாட்டம். பகல் பன்னிரண்டு வரை படுக்கை. முறுக்கைச் சட்டியிலிருந்து எடுக்கும்போதே பிடுங்கித் தின்கிறவன், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹாஸ்டல்னா அப்படித்தான் இருக்கும், ரெண்டு மாசத்துல பழகிரும்" என்றார் என் அண்ணன். பலருக்குப் பழகிவிடுகிறது, உண்மைதான். ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சுருண்டு கிடந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். காய்ச்சல் என்றால் அத்தனை நாள் பார்த்துக்கொண்டா இருப்போம்?

மூன்றாம் நாள் ராத்திரி மாடியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவனே சொன்னான்: "சார் இங்கிலீஷ்ல ஏதோ சொல்வாரு, எல்லாரும் சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்காங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நானும் சிரிச்சுக்கிருவேன்."

'எல்லாம் சரியாயிரும்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அதோடு பேச்சை நிறுத்தியிருப்பான்.

"காலேஜ்ல கவுன்சிலர் இருப்பாங்கள்லய்யா?"

"ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் பக்கத்துலம்மா. போனா எல்லாரும் பாப்பாங்க."

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற இடங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆள் போட்டால் மட்டும் போதாது, பிள்ளை கூச்சமில்லாமல் நுழைகிற இடத்தில் அந்தக் கதவு இருக்கவேண்டும்.

மறுநாள் 14416 என்ற எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நான் கீழே இறங்கிவிட்டேன். நாற்பது நிமிடம் பேசினான். பிறகு டாக்டரையும் பார்த்தோம். அங்கே என்ன பேசினான் என்பது அவனுடைய விஷயம், எழுதமாட்டேன். லீவு முடிந்தும் ஒரு வாரம் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

கிளம்புகிற அன்று அவன் அப்பா சொன்னார்: "அரியர் விழுந்தா விழட்டும், எழுதிக்கலாம். முடியலைன்னா வந்துரு. வீடு எங்கயும் போயிராது." பையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவிலேயே முதல் என்ஜினியர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவன் திரும்பி வருகிற வழியை நாங்களே அடைத்துவைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, எட்டு மணி ஆவதற்கு முன்னால் அவனே கூப்பிட்டான்.

"ம்மா, மேக்ஸ் போயிருச்சு."

"சரிய்யா. சாப்டியா?"

"இல்லம்மா, பசங்க கீழ நிக்காங்க. பரோட்டா சாப்பிடப் போறோம், வந்து பேசுதேன்."