தோட்ட எல்லை வரை

நாள்தோறும் நடந்து செல்லும் பாதை யாருக்கு உரியது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பாதை இருக்கின்றது; நடக்கின்றோம்; குழி விழுந்தால் குறை கூறுகின்றோம். நகரத்து மாந்தர்க்கு இவ்வளவே போதுமானது. ஆனால் மலையகத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இவ்வினாவை அத்துணை எளிதில் விட்டுவிட முடிவதில்லை. மண்ணிலே கிடக்கும் வீதி ஏட்டிலும் ஏறினாலன்றி அதனை வீதியெனக் கொள்ளாத உலகம் ஒன்று உண்டு என்பதை நான் சற்றுப் பிந்தியே அறிந்துகொண்டேன். அவ்வாறு அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

அட்டனுக்கு அண்மையிலுள்ளது எங்கள் தோட்டம். அதன் மேற்பிரிவை எம்மவர் 'மேக்கணக்கு' என்பர். பிரதான வீதியிலிருந்து பிரியும் கிளை, கோயிற் சந்தி வரை தாரிடப்பட்டுள்ளது. அதற்கப்பால் மடுவத்தைக் கடந்து, லயங்களைக் கடந்து, மலையின் மறுபுறத்திலுள்ள சிங்களக் கிராமத்தின் விளிம்பைத் தொடும் வரை கல்லும் மண்ணுமே. கொழுந்து லொறி ஏறி இறங்கிய தடம் ஆழமாகிக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அத்தடமே ஓடையாகும். அக்கிராமத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே சேற்றில் செருப்பைக் கையிலேந்திப் பாடசாலைக்குப் போவர்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து இரவிலே எங்கள் அப்பாயி வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்பா அவசர நோயாளர் வண்டிக்குத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையிலிருந்தவர் கனிவாகவே பேசினார். வீதியின் பெயர் என்ன என்று கேட்டார். அப்பா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். வீதியின் பெயர் என்ன என்று மீண்டும் கேட்டார். அப்பா கணக்கின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது அப்பா, "ரோட்டுக்குப் பேரு இல்லீங்க" என்றார். அவர் குரலில் அப்போது தொனித்த வெட்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தாம் செய்யாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல அவர் அதனைச் சொன்னார்.

வண்டி கோயிற் சந்தி வரை வந்தது. அதற்கு மேல் வர இயலவில்லை. மழை பாதையை அறுத்திருந்தது. ஓட்டுநரைக் குறை கூறுவதற்கில்லை. கம்பளியைத் தொட்டிலாக மூங்கிலிற் கட்டி, அதில் அப்பாயியைக் கிடத்தி, நால்வர் தோளிலே சுமந்து சென்றனர். அவர் பிழைத்தார். இப்போது கோலூன்றி லயத்து வாசல் வரை நடப்பார், கோயிலுக்குப் போவதில்லை.

அன்று முதல் பிரதேச சபையின்மீது எனக்குப் பெருஞ்சினம் உண்டாயிற்று. மூன்றாம் வருடத்தில் உள்ளூராட்சி பற்றிய ஒப்படை ஒன்றை எழுத வேண்டியிருந்தபோது, அச்சினத்தையும் உடன்கொண்டே சபையின் அலுவலகத்துக்குச் சென்றேன். கேட்க வேண்டிய வினாக்களையெல்லாம் குற்றப்பத்திரம்போல எழுதி வைத்திருந்தேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீதிகளுக்குப் பொறுப்பான அலுவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அவரும் ஒரு தோட்டத்துப் பிள்ளையே. "எந்தத் தோட்டம் தங்கச்சி?" என்று கேட்டார். சொன்னேன். வேறொன்றும் பேசாமல் அலுமாரியிலிருந்து தடித்த பதிவேடொன்றை எடுத்து என் முன்னே விரித்தார். தொடரிலக்கம், வீதியின் பெயர், தொடங்குமிடம், முடியுமிடம், நீளம், அகலம், மேற்பரப்பின் தன்மை எனக் கட்டங்கள் இருந்தன. எங்கள் கிளைவீதியைத் தேடிக் கண்டேன். தொடங்குமிடம் பிரதான வீதி. முடியுமிடம் 'தோட்ட எல்லை வரை'. நீளம் எண்ணூறு மீற்றர். அடுத்த வரியில் வேறொரு வீதி. அதுவும் தோட்ட எல்லை வரை. பக்கத்துக்குப் பக்கம் அவ்வாறே. நாங்கள் எல்லோரும் வாழும் இடம் அந்த ஏட்டிலே எங்கும் இல்லை. அது வாழ்ந்து முடிந்த இடம்போல, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் எல்லையாக மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது.

இலங்கையில் வீதிகளும் சாதி வகுக்கப்பட்டவை. ஏ, பீ வகுப்பு வீதிகள் தேசிய வீதிகள். அவற்றை வீதி அபிவிருத்தி அதிகாரசபை பராமரிக்கின்றது. அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ 7 வீதியும், பேராதனையிலிருந்து கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகக் கீழ்மாகாணத்துச் செங்கலடிக்குச் செல்லும் ஏ 5 வீதியும் அத்தகையன. சீ, டீ வகுப்பு வீதிகள் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மாகாண சபைகளின் பொறுப்பாயின. எஞ்சியவற்றுள், உள்ளூராட்சி மன்றம் தனதென்று ஏற்றுக்கொண்டவை அம்மன்றத்தின் வீதிகள். ஏற்றுக்கொள்வதற்கும் முறையொன்று உண்டு. வீதியின் பெயர், தொடக்கம், முடிவு, அளவு ஆகியவற்றை அட்டவணையாக்கி வர்த்தமானியிலே பிரசுரித்து, ஆட்சேபணை உள்ளோரை எழுதுமாறு அறிவித்து, அதன் பின்னரே அது சபைக்கு உரித்தாகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் இத்தகைய அறிவித்தல்கள் வெளிவருகின்றன. வர்த்தமானியில் ஒருவரும் விரும்பிப் படிக்காத பக்கங்கள் அவை. நான் இப்போது படிக்கின்றேன்.

தோட்டத்து மக்களிடமும் ஒரு வகுப்புமுறை உண்டு. எந்த வர்த்தமானியிலும் வராதது. துரையின் பங்களாவுக்குப் போவது 'காரு ரோட்டு'. ஸ்டோருக்குக் கொழுந்து போவது 'லொறி ரோட்டு'. தேயிலைக்குள் புகுந்து ஏறுவது 'குறுக்கு'. காரு ரோட்டில் புல் முளைக்க நான் கண்டதில்லை. லொறி ரோட்டுக்குக் கொழுந்துக் காலத்தில் மட்டும் கல் போடுவர். குறுக்கை யாரும் பராமரிப்பதில்லை. எம் கால்களே அதனை அழியாமற் காத்து வருகின்றன. பதிவேட்டை விட இது நேர்மையான பகுப்பு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

"ஏன் எல்லையோடு நிறுத்தினீர்கள்?" என்று அலுவலரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "நாங்க நிறுத்தல்ல தங்கச்சி. நாங்க வரும்போதே நின்னுகிட்டுத்தான் இருந்திச்சு" என்றார். அவ்விடையின் பொருளை நூலகத்திலே பல நாட்கள் இருந்த பின்னரே முழுமையாக உணர்ந்தேன்.

மலைநாட்டின் வீதிகள் கோப்பிக்காகப் பிறந்தவை. மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் பெயர் அவ்வீதிகளோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. அவருக்குக் கீழே கல்லுடைத்த பயனியர் படையிலே தென்னிந்தியத் தமிழர் பலர் இருந்தனர் என்பது அத்துணை அடிக்கடி சொல்லப்படுவதில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை அல்லது மூன்று சிலிங் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். 1861ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மாகாணந்தோறும் மாவட்டந்தோறும் வீதிக் குழுக்களை ஏற்படுத்தியது. தோட்டங்களுக்குச் செல்லும் கிளைவீதிகளைத் தோட்டத்துரைமாரிடம் பங்குப் பணம் பெற்று அமைக்கும் வழக்கமும் எழுந்தது. தோட்டத்தின் வாயில் வரை அரசு. வாயிலுக்கு உள்ளே துரை. எல்லை அவ்வாறுதான் விழுந்தது.

பின்னர் அவ்வெல்லை வாக்குச்சீட்டின்மீதும் விழுந்தது. 1937ஆம் ஆண்டிலே கிராம சபைச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் கிராம சபை வாக்குரிமை மறுக்கப்பட்டது. கண்டனம் எழவே, இனப்பெயரை நீக்கித் தோட்டத்து லயங்களில் வாழும் தொழிலாளர் என்று மாற்றினர், விளைவு மாறவில்லை. அன்றைய மனக்கசப்புகளின் நடுவேதான் 1939இல் நேரு இலங்கைக்கு வந்தார்; இலங்கை இந்தியர் காங்கிரசும் அவ்வாண்டிலேயே பிறந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் அறிவர். ஆனால் நாட்டிலிருந்து நீக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே நாம் கிராமத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தோம் என்பதை நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

காலம் மாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. பிரசாவுரிமையும் படிப்படியாகக் கிடைத்தது. பிரதேச சபைத் தேர்தல்களில் நாம் வாக்களித்தோம். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய சபைகளிலே எம்மவர் தவிசாளராகவும் அமர்ந்தனர். ஆயினும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாகவே கொள்ளப்பட்டு வந்தது. எங்கள் வாக்கினால் தவிசாளரானவர் எங்கள் வாசலில் ஒரு வண்டிக் கல்லைக் கொட்ட முடியாது. கொட்டினால் கணக்காய்வில் வினா எழும். ஒப்பமிட்ட அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்தே அத்தொகையை அறவிடவும் கூடும். "இரக்கப்பட்டு ஒரு மதகு கட்டினா, பென்சன் வரைக்கும் பதில் எழுதிக்கிட்டு இருக்கணும்" என்றார் அலுவலர். என் குற்றப்பத்திரத்தை நான் அப்போதே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

2018ஆம் ஆண்டிலே இரண்டு காரியங்கள் நடந்தன. நுவரெலியா மாவட்டத்தில் அதுவரை ஐந்தாக இருந்த பிரதேச சபைகள் ஒன்பதாயின. தலா இரண்டு இலட்சம் அளவிலான மக்களைத் தாங்கியிருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் தோன்றின. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் 33ஆம் பிரிவையும் திருத்தி, சபையின் பணிகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செல்ல வழிசெய்தது. இதற்காகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தோரின் உழைப்பைச் சிறிதென்று கூறலாகாது.

அப்படியாயின், எங்கள் பாதை இன்னும் ஏன் ஏட்டில் ஏறவில்லை? இதனையும் கேட்டேன். அலுவலர் உடனே விடை கூறவில்லை. தேநீர் வருவித்தார். பின்னர், பாதை கிடக்கும் நிலம் குத்தகைக்குள் அடங்கியது, ஆகவே தோட்ட நிருவாகம் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்றார். சற்றுத் தயங்கி, மற்றொன்றையும் சொன்னார்: "ஒரு ரோட்ட எழுதிட்டா அது நம்ம புள்ள மாதிரி. காலமெல்லாம் சோறு போடணும். அதனால எழுதுறதுக்கே யோசிப்பாங்க."

இக்கூற்று என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. ஏட்டில் இல்லாதது மறதியினால் மட்டும் இல்லாமற் போவதில்லை. எழுதினால் கடமை வந்துவிடும் என்பதை எழுதுவோர் நன்கறிவர். கம்பனி சம்மதித்தால் ஒரு துண்டு நிலத்தின்மீதுள்ள அதிகாரம் தளரும். சபை ஏற்றால் செலவு வளரும். இருவரும் வாளாவிருப்பதால் இருவருக்கும் நட்டமில்லை. சட்டம் மாறிய பின்னர் எஞ்சியிருக்கும் எல்லை இதுவேயாகும். இதனை எதிர்த்துப் போராடுவது, முன்னைய வெளிப்படையான தடையை எதிர்த்துப் போராடியதைக் காட்டிலும் கடினமானது என்றே நான் கருதுகின்றேன். ஏனெனில் இங்கே மறுப்பவர் என்று ஒருவரும் இல்லை.

பெயரற்ற பாதையின் கேடு குழியும் சேறும் மட்டுமன்று. எங்களுக்குக் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கே வருகின்றது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் எனக்குக் கிடைத்தபோது அது வந்து பதினொரு நாள் கழிந்திருந்தது. பெயர்ப் பட்டியல் எழுதும் எவரும் எங்களிடம் விலாசம் கேட்கும்போது இலக்கத்தைச் சொல்கின்றோம், தோட்டத்தைச் சொல்கின்றோம். இடையிலுள்ள வரியை வெறுமையாக விடுகின்றோம்.

அலுவலர் தந்த படிவத்தை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுசென்றேன். அப்பா நூறடிக் கயிறொன்றைக் கொண்டுவந்தார். கான்வெட்டுக் கொந்தரப்பை அளந்து பழகிய கை அவருடையது. கோயிற் சந்தியிலிருந்து கிராமத்து விளிம்பு வரை ஞாயிறு காலையில் அளந்தோம். சிறுவர்கள் பின்னே எண்ணிக்கொண்டு வந்தனர். அறுபத்திரண்டு கயிறும் நாற்பது அடியும் வந்தது. ஏறத்தாழ ஒன்று தசம் ஒன்பது கிலோமீற்றர். அகலம் குறுகிய இடத்தில் பத்தடி. மூன்றாம் லயத்துக்குக் கீழேயுள்ள கல்மதகைத் தம் தகப்பனார் கட்டியதாக அப்பாயி வாசலிலிருந்தபடியே கூறினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பெயரிடுவதிலேதான் பெருஞ்சிக்கல் உண்டாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் பெயரை வைக்க வேண்டும் என்றார் ஒருவர். மற்றச் சங்கத்தார் உடனே எழுந்தனர். முனியாண்டி கோயிலின் பெயரை வைக்கலாம் என்றனர் இளைஞர். கிராமத்திலிருந்து வந்திருந்த பெரியவர், எந்தப் பெயராயினும் சிங்களத்திலும் சொல்லத்தக்கதாக இருக்கட்டும் என்றார். இறுதியில் அப்பாயியே, "இத்தன வருசமா மேக்கணக்கு ரோட்டுன்னுதானே சொல்றோம்? இப்ப என்ன புதுசா?" என்றார். 'மேற்கணக்கு வீதி' என்று எழுதினோம். அப்பா, கிராமத்துப் பெரியவர் உட்பட நாற்பத்தேழு பேர் ஒப்பமிட்டனர். அப்பாயி பெருவிரலை வைத்தார்.

படிவத்தைச் சபையில் ஒப்படைத்து ஏழு மாதங்களாகின்றன. தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. அலுவலரிடம் சென்ற வாரமும் தொலைபேசியிற் பேசினேன். கோவை திறக்கப்பட்டு இலக்கமிடப்பட்டுள்ளது என்றார், அவ்விலக்கத்தையும் சொன்னார். குறித்து வைத்திருக்கின்றேன்.