பழைய கோவா: சவேரியாரின் வெள்ளிப் பேழை

பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இருப்பது, 1636-37இல் கோவா தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழையில். அதைச் செய்வித்தவர் மார்செல்லோ மாஸ்திரில்லி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. 1637இலேயே அவர் ஜப்பானின் நாகசாகியில் மறைசாட்சியாகக் கொல்லப்பட்டார்.

பனாஜியிலிருந்து மண்டோவி ஆற்றோரமாகச் சுமார் 10 கி.மீ. வந்தால் பேராலயம். 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. வெளிச்சுவர்களில் சாந்துப் பூச்சு இல்லை. செம்புரைக்கல் அப்படியே தெரிகிறது. வெளியே இத்தனை எளிமை என்றால் உள்ளே தலைகீழ்: பீடம் முழுக்கத் தங்க முலாம், நடுவில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். பீடத்துக்கு வலப்புறம் உள்ள சிற்றாலயத்தில்தான் சவேரியார்.

சவேரியார் இறந்தது 1552 டிசம்பர் 3, சீனக் கரையை அடுத்த சாங்சுவான் தீவில். சதை அரித்துப் போனால் எலும்புகளை எடுத்துச் செல்வது எளிது என்று சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். சில வாரங்கள் கழித்துத் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்ததாகப் பதிவு. மலாக்கா வழியாக அது 1554 மார்ச்சில் கோவா வந்து சேர்ந்தது.

முழு உடலும் இங்கே இல்லை. 1614இல் இயேசு சபைத் தலைவர் அக்வாவிவாவின் உத்தரவுப்படி வலது முன்கை துண்டிக்கப்பட்டு ரோமுக்குப் போனது. அங்கே ஜேசு ஆலயத்தில் வணங்கப்படுகிறது. அதே கையின் மேற்பகுதி எலும்பு சீனக் கரையின் மக்காவு நகரில் இருக்கிறது. வலக்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: திருமுழுக்குக் கொடுத்த கை அது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர் ஊராகச் சுற்றிய சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். ரோமில் பேழைக்குள் இருக்கும் அந்தக் கை ஓய்ந்தது தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கடற்கரையில்தான். 2018இல் அது கனடாவைச் சுற்றி வந்தது. விமானத்தில் அதற்கெனத் தனி இருக்கையே எடுத்திருந்தார்கள்.

கோவா பேழையின் பக்கங்களில் சவேரியாரின் வாழ்க்கை 32 வெள்ளித் தகடுகளில் புடைப்புச் சித்திரமாக ஓடுகிறது. பேழைக்குக் கீழே இருப்பது பளிங்கு மேடை. டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் கொடை அது. புனிதரின் தலையணையைப் பெற்றதற்குக் கைம்மாறு. ஃபுளோரன்ஸ் சிற்பி ஜொவான்னி பத்திஸ்தா ஃபொஜ்ஜினி செய்த இந்த மேடை கப்பலில் வந்து, 1698இல் இங்கே பொருத்தப்பட்டது. அதன் நான்கு வெண்கலப் பலகைகளில் சவேரியார் போதிக்கிறார், திருமுழுக்குத் தருகிறார், துரத்துவோரிடமிருந்து தப்புகிறார், தீவில் உயிர் விடுகிறார்.

பளிங்கு கண்ணைப் பறிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கைவேலையில் உசத்தி வெள்ளிதான். மேடையின் உயரம்தான் அதற்குப் பகை: கீழே நின்று பார்ப்பவருக்குப் பாதிக் காட்சிகள் பிடிபடுவதில்லை. பளிங்கை அண்ணாந்து பார்த்து, கும்பிட்டுவிட்டு நகர்பவர்களே அதிகம்.

10 ஆண்டுகளுக்கு ஒருமுறை உடல் எதிரே உள்ள சே பேராலயத்துக்குப் பொது வணக்கத்துக்காகக் கொண்டுசெல்லப்படும். கடைசியாக நடந்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. அந்த நாட்களில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். எதையும் நின்று பார்க்க முடியாது. டிசம்பர் 3 திருவிழாவையொட்டிய நாட்களிலும் இதே கதைதான். பேழையின் வேலைப்பாட்டைப் பார்க்க வருகிறவர்கள் திருவிழா இல்லாத ஒரு வேலைநாளின் காலையில், சிறிய தொலைநோக்கி ஒன்றோடு வருவது நல்லது.