திருகு அளவியும் ஒரு பனை வில்லும்



போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், வேப்பமரத்தடியில் மோட்டாரும் பெல்ட்டுமாக நின்ற சாமானைப் பார்த்துவிட்டு, "சார், மாவு மில்லு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஊரில் நாலுவிதமாகப் பேசுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வில் செய்வதற்கான மரப் பத்தைகளை ஒரே கனமாகத் தேய்த்தெடுக்கும் மெஷின் அது.

மகள் வழிப் பேத்தி பள்ளிக்கூடத்தில் வில்வித்தை பழகுகிறாள். லீவுக்கு இடைசெவல் வந்தால் பழக ஒரு வில் வேண்டும் என்றாள். கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த பனங்கைகள் தொழுவத்தில் கிடந்தன. வைரம் பாய்ந்து கருகருவென்று இருக்கும். விறகுக்குப் போட மனசு வரவில்லை. நம்ம பக்கத்துக் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு வைக்கிற பெரிய வில்லைப் பனையில் செய்வது உண்டுதானே, அந்தத் தைரியம்.

பாட்டு வில்லும் அம்பு விடுகிற வில்லும் ஒன்றல்ல என்பது பிறகுதான் உறைத்தது. பாட்டு வில்லை வளைத்துக் கட்டியபின் அது அப்படியே இருக்கும். வீசுகோலால் தட்டினால் மணி குலுங்க வேண்டும், அவ்வளவுதான். இதுவோ ஒவ்வொரு அம்புக்கும் முழுக்க வளைந்து நிமிர வேண்டும். வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். அதனால் வெளியே மூங்கில் பத்தை, உள்ளே இரண்டு பனம் பத்தை என்று அரால்டைட் போட்டு ஒட்டினேன். ஜப்பான்காரர்கள் தங்கள் நீள வில்லை மூங்கிலும் மரமுமாக ஒட்டித்தான் செய்கிறார்கள். புதுசாக நான் எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை.

பனையை இழைப்புளியால் இழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. கறுப்பு நார் இரும்பு மாதிரி; நடுவில் இருக்கிற சோறு மெத்தென்று இருக்கும். உளி நாரில் சிக்கி, கொத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். அரமும் உப்புத்தாளும் வைத்துப் பத்து நாள் தேய்த்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. நாண் பூட்டினால் ஒரு பக்கம் திருகிக்கொண்டது. சரியாகிவிடும் என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வில் மேல்பாதியில் முறிந்து, துண்டு அவள் காதோரமாகப் போய்த் திண்ணையில் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மகள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்.

முறிந்த துண்டை வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். நல்ல இடத்தில் 10 மி.மீ., முறிந்த இடத்தில் 9. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விட்டத்தின் வளைவுக்கான வாய்ப்பாட்டில் கனம் மும்மடியில் வரும். அகலம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 27 சதவீதம் போய்விடும். மற்ற இடம் சும்மா இருக்க, அந்த ஒரு இடமே எல்லா வளைவையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். கை அதைக் கற்றுக்கொள்ள ஒரு வில் முறிய வேண்டியிருந்தது.

அப்புறம்தான் மெஷின். பிளைவுட்டில் நான்கு அங்குல விட்டத்துக்கு எட்டு வட்டங்கள் வெட்டி ஒட்டி ஒரு டிரம், நடுவே ஷாஃப்ட், இரண்டு பக்கமும் பேரிங். பழைய இரும்புக் கடையில் வாங்கிய அரை எச்.பி. மோட்டார். டிரம்மைச் சுற்றி 60-ஆம் நம்பர் எமரித் துணி. கீழே ஒரு பலகை: ஒரு முனையில் கீல், மறுமுனையைத் தூக்க ஒரு போல்ட். பத்தையைப் பலகைக்கும் டிரம்முக்கும் நடுவே தள்ளினால் மேல்பக்கம் தேய்ந்து வெளியே வரும்.

டிரம்மைக் கடைசல் பிடிக்கக் கோவில்பட்டியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். முதலாளி எழுந்து நின்று "வாங்க சார்" என்றார். என்னிடம் படித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை.

என் படத்தைப் பார்த்தார். "போல்ட்டு பத்து எம்.எம். சார். ஒரு சுத்துக்கு ஒன்றரை எம்.எம். ஏறும். டிரம்மு கீலுக்கும் போல்ட்டுக்கும் நட்ட நடுவுல இருக்கதால அந்த இடத்துல பலகை முக்கால்தான் ஏறும். அரைக்கால் சுத்து வச்சீங்கன்னா பாயிண்ட் ஒண்ணுக்கும் கொஞ்சம் கம்மியாத் தேயும். அதுக்கு மேல ஒரே தடவைல தேய்க்காதீங்க, கருகிரும்."

நான் பேச்சில்லாமல் நின்றேன். அவர் சொன்னது திருகு அளவி. புரியிடைத் தூரம். 1989-இல் செய்முறை வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இலக்கணம் கேட்டேன். இதே ஆளுக்குச் சொல்ல வரவில்லை. "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்று நாற்பது பேர் முன்னால் சொல்லி வெளியே நிற்கவைத்தேன். அந்த வருஷத்தோடு அவர் படிப்பு நின்றது. வீட்டுக் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். நான் போய் விசாரிக்கவில்லை.

"ஞாபகம் இருக்காய்யா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப. டீ ஆறுது" என்றார். பேரிங்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கடைசல் கூலி வாங்கவில்லை. அன்று அந்த டீ எனக்கு இறங்கவில்லை.

நாற்பது பேர் முன்னால் சொன்னதைத் தனியாகப் பட்டறையில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வது முறையில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நான் சொன்னது தப்பு. தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் உடனே ஒழுங்காக ஓடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் நாளே, டிரம் சுற்றுகிற போக்கிலேயே பத்தையைக் கொடுத்துவிட்டேன். எதிர்த்துத்தான் தள்ள வேண்டும். பிடுங்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியைத் தாண்டி விழுந்தது. வில்லாவதற்கு முன்னாலேயே அம்பாகிவிட்டது. இப்போது பத்தைக்கு நேர் எதிரே யாரையும் நிற்கவிடுவதில்லை. அடுத்து, பத்தையின் ஒரு ஓரம் 3 மி.மீ., மறு ஓரம் 2.7. டிரம் பலகைக்குச் சாய்ந்திருந்தது. இப்படிச் சாய்ந்தால்தான் வில் திருகும். பேரிங்குக்கு அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து வைத்ததும் சரியாயிற்று. (அனுப்பிய மருமகன் கோவித்துக்கொள்ள வேண்டாம்.) முனை வரவர வில் மெலிய வேண்டும், அதற்கு ஒரு பக்கம் 2 மி.மீ. கூடின நீளமான ஆப்புப் பலகையைப் பத்தைக்கு அடியில் வைத்துச் சேர்த்தே தள்ளுகிறேன். மூங்கிலில் தோல் பக்கத்தைத் தொடுவதில்லை. பலமெல்லாம் அங்கேதான்.

பனந்தூசி பொல்லாதது. மூக்கைக் கட்டிக்கொண்டாலும் கழுத்தெல்லாம் அரிக்கும். ஓட்டுகிற நேரம் கொடியில் துணி காயக்கூடாது என்பது வீட்டம்மா உத்தரவு.

இரண்டாவது வில் ஐந்தடி. தொங்கு தராசில் மாட்டி இழுத்தால் 9 கிலோ காட்டுகிறது. நாண் நடுவில் நிற்கிறது. திருகவில்லை. ஆனாலும் பேத்தி கையில் இன்னும் கொடுக்கவில்லை. தினமும் காலையில் தொழுவத்துக் கதவில் கட்டிப்போட்டு, தள்ளி நின்று கயிற்றால் ஐம்பது தடவை இழுத்து விடுகிறேன். நேற்றோடு அறுநூறு ஆயிற்று. ஆயிரம் ஆகட்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பட்டறைக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.