பூக்கூடைப் பையனும் விருத்தாசலம் சூளையும்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட யோசிப்பார்கள். வீடு நிலக்கரி நிறுவனத்துடையது. ரிட்டயர் ஆகும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் குடியிருந்தாலும் சுவரை இடிக்க முடியாது, மாடி எழுப்ப முடியாது. வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ள இருக்கும் ஒரே வழி, போகும்போது கூடவே எடுத்துப்போகக்கூடிய பொருட்களை வாங்கி அடுக்குவதுதான். இங்கே வட்டத்துக்கு வட்டம், வீட்டுக்கு வீடு ஷோகேஸ் நிரம்பி வழிவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சுரங்கத்தில் மெக்கானிக்காக இருக்கும் நண்பரின் ஷோகேஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அவருடைய மகள் மிலானில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் பழைய சாமான் சந்தையில் வாங்கிய சின்னச் சிலை ஒன்றைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவருவாள். பெஞ்சில் தூங்கிவழியும் நாடோடிக் கிழவன், புறாவோடு ஒரு பெண், பூக்கூடை ஏந்திய பையன், பளிங்கில் ஒரு பெண் முகம். எதுவும் ஒரு ஜாணுக்கு மேல் உயரமில்லை. நண்பர் அவற்றை நெருக்கி வைப்பதில்லை. வெள்ளைச் சிலைகளுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒட்டியிருக்கிறார். வண்ணச் சிலைகளுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது, முதுகையும் பார்க்கலாம். அனல்மின் நிலையம் இருக்கிற ஊர், தூசிக்குப் பஞ்சமில்லை. துணியால் துடைத்தால் விரல் ஒடிந்துவிடும் என்பதால் வாட்டர் கலர் பிரஷ்ஷால்தான் தூசி தட்டுகிறார்.

அப்படியும் பூக்கூடைப் பையனின் ஒரு விரலும் இரண்டு இதழ்களும் போய்விட்டன. “விருத்தாசலத்துல பீங்கான் வேலை செய்றாங்களே, அங்க கேட்டுப் பாருங்களேன்” என்று பையனையும் பளிங்குப் பெண்ணையும் என்னிடம் கொடுத்தார். பையனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீல நிறத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ‘என்’ என்ற ரோமன் எழுத்து. நேப்பிள்ஸ் முத்திரை.

அந்த முத்திரையை அப்படியே நம்பிவிடக் கூடாது. நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் வம்சத்து சார்லஸ் 1743இல் கபோடிமோந்தே அரண்மனை வளாகத்தில் பீங்கான் ஆலை தொடங்கினார். ராணி மரியா அமாலியா சாக்சனி அரச குடும்பத்துப் பெண். ஐரோப்பாவில் முதன்முதலாக அசல் பீங்கான் செய்த மைசன் ஆலை 1710இல் தொடங்கியது அவள் பிறந்த வீட்டாரின் ஆட்சியில்தான். ஆனால் மைசனுக்குக் கிடைத்த கயோலின் என்ற வெள்ளைக் களிமண் நேப்பிள்ஸ்காரர்களுக்கு வாய்க்கவில்லை. வேறு மண்ணைக் கலந்து, மென்பீங்கான் என்ற வகையைத்தான் அவர்களால் செய்ய முடிந்தது. 1759இல் ஸ்பெயினுக்கு அரசராகப் போனபோது சார்லஸ் ஆலையையே பெயர்த்துக்கொண்டு போனார். தொழிலாளிகளோடு பிசைந்த மண்ணும் கப்பல் ஏறியது. அவருடைய மகன் 1771இல் மறுபடி ஆரம்பித்த ஆலையின் அடையாளம்தான் இந்தக் கிரீடம். பின்னால் எத்தனையோ ஆலைகள் அதைத் தாராளமாகப் போட்டுக்கொண்டன. நண்பரின் பையனுக்கு அறுபது வயதுகூட இருக்காது என்பது என் ஊகம்.

நேப்பிள்ஸ் ராஜாவுக்குக் கிடைக்காத அந்த மண்ணை நெய்வேலியில் இடைஞ்சலாக நினைத்து வெட்டி ஒதுக்குகிறார்கள். பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு 50 மீட்டருக்கும் மேலாக மணலையும் களிமண்ணையும் அகற்ற வேண்டும். ராட்சதச் சக்கர இயந்திரங்கள் சுரண்டிப் போடும் அந்த மேல்மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. 1956இல் தொடங்கிய நிறுவனம் மின்சாரம், யூரியா, லெக்கோ கரி ஆகியவற்றோடு களிமண் கழுவும் ஆலை ஒன்றையும் நடத்தியது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்ததும், செராமிக் படிப்புக்கென்றே அரசு நிறுவனம் வந்ததும் இந்த மண்ணை நம்பித்தான்.

தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பொம்மை இல்லை, மின்சாரத்துக்கான பியூஸ் கேரியர். வெள்ளை வெளேரென்று மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதற்குப் பிறகு அகல் விளக்கு. பொம்மைகளுக்கு ஒரு மூலைதான். நான் போன பட்டறையில் நாலு பெண்களும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். உருளை ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றும் கூழாங்கற்களோடு சேர்ந்து தண்ணீரில் அரைபடுகின்றன. அரைத்த கூழில் துளி சோடியம் சிலிகேட் விட்டால் கூடுதல் தண்ணீர் இல்லாமலேயே பால் மாதிரி ஓடும்.

அந்தக் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஊற்றுகிறார்கள். மோல்டு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அதன் உட்சுவரில் மண் படிகிறது. போதுமான கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கிறது. எவ்வளவு நேரத்தில் வடிப்பது என்பதற்குக் கடிகாரம் கிடையாது. மழைக்காலத்தில் மோல்டு ஈரம் காயாமல் மெதுவாகக் குடிக்கும், சித்திரையில் சட்டென்று குடித்துவிடும். ஊற்றுவாயில் படிந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். மோல்டின் துண்டுகள் சேரும் கோட்டில் மண் பிதுங்கி, பொம்மையின் மேல் ஒரு வரப்பு நிற்கும். பிசிறு என்கிறார்கள். பாதி காய்ந்த பதத்தில் அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவ வேண்டும். அழுத்தினால் மூக்கு தேய்ந்துவிடும், விட்டால் காதிலிருந்து தோள்வரை தழும்பு தெரியும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கத்தியென்று அவர் வைத்திருந்தது ரம்ப பிளேடின் ஒடிந்த துண்டு. பேசிக்கொண்டே ஒரு கிருஷ்ணனின் புல்லாங்குழலுக்கும் உதட்டுக்கும் இடையில் அதை நுழைத்து எடுத்தார்.

பூக்கூடைப் பையனை அவரிடம் நீட்டினேன். சுட்டுவிரலை மடக்கித் தட்டினார். கிண்ணென்றது. “இது நம்ம சாதிதான் தம்பி.” பளிங்குப் பெண்ணைத் தட்டினார். டப்பென்றது. அடியில் ஒட்டியிருந்த துணியைக் கொஞ்சம் உரித்து மோந்து பார்த்துவிட்டு, “இது கல்லுமில்ல மண்ணுமில்ல, ரெசினு” என்றார். பளிங்குப் பொடியை ரெசினில் குழைத்து அச்சில் வார்த்தது. இத்தாலியிலேயே இப்படி ஏராளமாக வார்த்து விற்கிறார்கள், ஆகவே அது இத்தாலியப் பெண்தான், பளிங்குப் பெண் இல்லை. இதற்காக அவளைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. வீடுகளை அலங்கரித்த இத்தாலியச் சிலைகளில் பெரும்பாலானவை எப்போதுமே அச்சில் வார்த்தவைதானே. 19ஆம் நூற்றாண்டில் லூக்கா பகுதி மலைக் கிராமங்களிலிருந்து ஆண்களும் சிறுவர்களும் மோல்டுகளைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவெங்கும் நடந்தார்கள். போன ஊரிலேயே பிளாஸ்டரைக் கரைத்து வார்த்து, பலகையில் அடுக்கித் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். மாதாவும் நெப்போலியனும் வர்ணப் பூனையும் ஒரே பலகையில் இருக்கும். பளிங்குக்கு வழியில்லாத வீடுகளுக்கும் சிற்பம் போய்ச் சேர்ந்தது இவர்களால்தான். அந்தப் பக்கத்திலிருந்து லண்டன் போன தொமேனிகோ புருச்சானி, அருங்காட்சியகங்களுக்கே பிளாஸ்டர் படிகள் வார்த்துக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

விரல் விஷயம் கைகூடவில்லை. சுட்ட பொம்மையில் பச்சை மண் ஒட்டாது என்றார் அக்கா. பழையது இனிச் சுருங்காது, புதியது சுருங்கும், காய்வதற்குள் விரிசல் விட்டு விழுந்துவிடும். அப்படியே ஒட்டினாலும் இவர்கள் சூளையின் 1200 டிகிரிச் சூட்டில் பையனின் கன்னச் சிவப்பு எரிந்துபோகும். “அரால்டைட்ல பிடிச்சு வச்சு, பெயின்ட் அடிச்சிடுங்க.”

பட்டறைக்காரர் அதற்குள் பையனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய அலமாரியில் இருக்கும் மோல்டுகளில் பல இப்படி யார் வீட்டுப் பொம்மையிலிருந்தோ எடுத்தவைதான். அதை அவர் மறைக்கவுமில்லை. ஒரு பொம்மையிலிருந்து மோல்டு எடுத்து வார்த்துச் சுட்டால், புதியது பத்தில் ஒரு பங்கு சிறியதாகிவிடும். அந்தச் சிறியதிலிருந்து இன்னொருவர் எடுத்தால் இன்னும் சிறியது. மூன்றாம் கைக்கு வரும்போது மூக்கும் விரலும் மழுங்கிப்போகும். கடைகளில் ஒரே பிள்ளையார் மூன்று அளவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“இதுக்கு ஒரு மோல்டு எடுத்துக்கலாமா சார்? ஓனர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

நண்பருக்குப் போன் போட்டேன். எடுத்துக்கொள்ளட்டும், தனக்கு ஒன்று வேண்டும் என்றார். சம்மதம் சொல்லாதது அக்காதான். பூக்கூடையைச் சுட்டிக்காட்டினார். இதழுக்கு அடியில் இதழ், அதற்கடியில் விரல். மோல்டு கழலாது, கழன்றாலும் பொம்மை பிய்ந்து வரும். கூடைக்கு மட்டுமே எட்டுத் துண்டு வேண்டும். எட்டுத் துண்டென்றால் எட்டு வரப்புப் பிசிறு, அதைச் சீவுவது யார்? அச்சில் வராத இதழ்களை இத்தாலியில் ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி வைப்பார்கள் என்று நான் சொன்னேன். “அதுக்கு அங்க கூலி குடுப்பாங்க தம்பி” என்றார், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கூடையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்தார். மறைத்தால் இரண்டு கைகளையும் ஏந்தி நிற்கிற ஒரு பையன்தான்.

“கூடையை எடுத்துடலாம்க்கா. கையில அகல் வச்சிடலாம். கார்த்திகைக்குப் போகும்.”

அக்கா பையனை வாங்கி, மடியில் கிடத்தி, உச்சந்தலையிலிருந்து முழங்கை வழியாகப் பாதம்வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

“அகல்னா நாலு துண்டுல முடிஞ்சிடும்.”